ஜிப்சி: இறக்கத்தில் மூன்றாவது கியர் தானாகக் கழன்றுகொள்கிறது. கியர்பாக்ஸைத் திறப்பதா, வேறு பாக்ஸ் வாங்குவதா?

மேலகிரி ஜிப்சி
ஞாயிறு, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2003 மாடல் மாருதி ஜிப்சி கிங், எம்பிஎஃப்ஐ இன்ஜின், ஐந்து கியர். வீடு தேன்கனிக்கோட்டை பக்கம், தோட்டம் மேலே பெட்டமுகிலாளத்தில். வாரத்துக்கு நான்கு நடை. ஏறும்போது உர மூட்டை, இறங்கும்போது அவரை, கேழ்வரகு, சில நாள் ஆட்கள்.

ஒரு வருஷமாகக் காலையில் இரண்டாவது கியர் போட்டால் ‘கர்ர்’ என்று பல்லைக் கடிக்கிறது. பத்து நிமிஷம் ஓடினால் அடங்கிவிடும், அதனால் நானும் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் மூன்றாவது கியர் இறக்கத்தில் நழுவ ஆரம்பித்தது. எட்டு மாதம் முன்னால் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன், பெயர் வேண்டாம். ‘ரிங் போயிடுச்சு’ என்று பாக்ஸை இறக்கி மூன்றாவதுக்குப் புது பித்தளை ரிங் போட்டார்கள். எல்லாம் சேர்ந்து பதினோராயிரம். மூன்று வாரம் நன்றாக ஓடியது. மறுபடி அதே கதை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த அடுத்த நொடி லீவர் ‘டக்’கென்று நியூட்ரலுக்கு வந்து நிற்கிறது.

போன வியாழக்கிழமை சாயங்காலம் இறங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் எட்டு மூட்டை. ஒரு வளைவு திரும்பினால் ரோட்டோரம் மூங்கிலை முறித்துக்கொண்டு ஒற்றை யானை. காலை எடுத்தேன், கியர் கழன்றது, வண்டி கட்டவிழ்த்த மாடு மாதிரி ஓட ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்து நிறுத்தியபோது நடுவில் முப்பதடிகூட இல்லை. அது என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மூங்கிலைத் தின்னப் போய்விட்டது. எனக்குத்தான் வீட்டுக்கு வந்தும் கை நடுக்கம் நிற்கவில்லை.

இனியும் இப்படி ஓட்ட முடியாது. பாக்ஸைத் திறந்து செய்வதா, பழைய பாக்ஸ் ஒன்று வாங்கி மாட்டிவிடுவதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பாலக்கோடு தக்காளி
ஞாயிறு, இரவு 9.41

அண்ணா, எங்க மாமா மார்க்கெட் ஜீப்பில் இதே வியாதி. சைக்கிள் டியூபை லீவரில் சுற்றி டேஷ்போர்டு கம்பியில் மாட்டிவிட்டார். மூன்றாவது போட்டதும் டியூபை இழுத்து மாட்டணும், மாற்றும்போது கழற்றணும். அஞ்சு வருஷம் ஓடுச்சு. செலவு பூஜ்யம் 😄

தொப்பூர் இறக்கம்
ஞாயிறு, இரவு 10.05

தம்பி, சிரிக்கிற விஷயம் இல்லை இது. நான் இருபத்திரண்டு வருஷமாக லாரி ஓட்டுகிறேன். தொப்பூரில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கிப் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று அந்த ரோட்டில் போகிற எல்லோருக்கும் தெரியும். கியர் கழன்ற வண்டியும் நியூட்ரல் வண்டியும் ஒன்றுதான். டியூபைக் கட்டினால் லீவர் வேண்டுமானால் நிற்கும், உள்ளே கியரைப் பூட்டுகிற ஸ்லீவும் அதைத் தள்ளுகிற ஃபோர்க்கும் ராத்திரி பகலாக உரசிக்கொண்டிருக்கும்.

மேலகிரி தம்பி, சரி செய்கிறவரைக்கும் இறக்கத்தில் மூன்றாவதைத் தொடாதீர்கள். மேலேயே நின்று இரண்டாவது போட்டுக்கொண்டு இறங்குங்கள். நேரமானால் ஆகட்டும். லீவரைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓட்டுவதும் வேண்டாம். கையை லீவர் மேலேயே வைத்து ஓட்டுகிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். ஃபோர்க் தேய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பழைய ஸ்பேனர்
திங்கள், காலை 6.15

தர்மபுரியில் முப்பது வருஷம் பட்டறை வைத்திருந்தேன். இப்போது மகன் பார்க்கிறான், நான் காலையில் டீ குடித்துக்கொண்டு இதையெல்லாம் படிக்கிறேன்.

தம்பி, திறப்பதா மாற்றுவதா என்று இப்போதே கேட்காதீர்கள். முதலில் எந்த நோய் என்று தெரியணும். கியர் கடிப்பது ஒரு நோய், கியர் கழல்வது வேறு நோய். இரண்டும் ஒரே பாக்ஸில் வந்துவிட்டதால் இரண்டுக்கும் ஒரே மருந்து என்று அந்த ஒர்க்‌ஷாப்பில் நினைத்துவிட்டார்கள்.

பித்தளை ரிங்கின் வேலை கியர் போடுகிற அந்த அரை நொடிதான். சுற்றிக்கொண்டிருக்கிற கியரையும் ஷாஃப்ட்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து, ஸ்லீவ் சத்தமில்லாமல் உள்ளே போக வழி விடும். போன பிறகு அதற்கு வேலை இல்லை. ரிங் தேய்ந்தால் கடிக்கும், கழலாது. கழல்கிறது என்றால் ஸ்லீவையும் அது போய்க் கோத்துக்கொள்கிற, கியரின் பக்கத்தில் உள்ள டாக் பற்களையும் பார்க்கணும், ஃபோர்க்கைப் பார்க்கணும், ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆடுகிறதா என்று பார்க்கணும், பாக்ஸைத் தாங்குகிற ரப்பரைப் பார்க்கணும். புது ரிங் போட்டு மூன்று வாரம் ஓடியதே என்றால், பிரித்து மாட்டும்போது எல்லாம் கொஞ்சம் இறுகியிருக்கும். அவ்வளவுதான்.

ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாமல் சில விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஓட, நியூட்ரலில், கிளட்சிலிருந்து கால் எடுத்தபடி காது கொடுங்கள். ஒரு ‘ஊம்’ சத்தம் இருந்து, கிளட்சை மிதித்ததும் அது அடங்கினால் இன்புட் ஷாஃப்ட் (இன்ஜினிலிருந்து உள்ளே வருகிற தண்டு) அல்லது லே ஷாஃப்ட் (அதற்கு இணையாகக் கியர்களைச் சுமக்கிற துணைத் தண்டு) பேரிங். மிதிக்கும்போதுதான் சத்தம் வருகிறது என்றால் கிளட்சை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங், அதற்கும் பாக்ஸுக்கும் சம்பந்தம் இல்லை. அடுத்து ஓட்டிப் பாருங்கள். இந்த பாக்ஸில் நான்காவது கியர் நேரடி, ஒன்றுக்கு ஒன்று. சக்தி லே ஷாஃப்ட் வழியாகச் சுற்றிப் போகாமல் நேராகப் பின்னால் போய்விடும். மற்ற கியரில் கத்துகிற பாக்ஸ் நான்காவதில் மட்டும் அமைதியானால் லே ஷாஃப்ட்டைத்தான் சந்தேகப்படணும்.

கிளட்சை மிதித்து ஐந்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸுக்கு ரிங் கிடையாது. அப்போதும் கடித்தால் கிளட்ச் முழுசாக விடவில்லை, கேபிளைப் பாருங்கள். கடைசியாக, வீட்டில் யாரையாவது பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, மூன்றாவதில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்து விட்டு, மிதித்து விட்டு ஓட்டுங்கள். லீவர் எவ்வளவு முன்னும் பின்னும் போகிறது என்று அவர்கள் பார்க்கட்டும்.

முக்கியமாக ஆயில். கடைசியாக என்ன ஊற்றினார்கள்?

மேலகிரி ஜிப்சி
செவ்வாய், இரவு 8.30

ஐயா, நீங்கள் சொன்ன எல்லாம் பார்த்தேன். நியூட்ரலில் சத்தம் இருக்கிறது, கிளட்ச் மிதித்தால் நிற்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து எல்லாவற்றிலும் முனகுகிறது, நான்காவதில் முக்கால்வாசி குறைகிறது. ரிவர்ஸ் ஐந்து எண்ணிவிட்டுப் போட்டால் சுத்தமாக விழுகிறது.

லீவர் பார்க்கிற வேலையை என் மனைவியிடம் கொடுத்தேன். ‘ரெண்டு விரல் அகலம் போயிட்டுப் போயிட்டு வருது, இவ்வளவு நாள் உங்களுக்குத் தெரியலையா’ என்று கேட்டாள். தெரியவில்லை என்பதுதான் உண்மை.

ஆயில் என்ன என்று பில்லில் இல்லை. இன்று காலை ஒரு தட்டில் இறக்கிப் பார்த்தேன். வெயில் வராத நேரம், குளிர், ஆயில் பாகு மாதிரி கயிறாக வந்தது. மொத்தம் அளந்தால் முக்கால் லிட்டரைத் தாண்டவில்லை. தட்டைச் சாய்த்து டார்ச் அடித்தால் திருவிழா ஜிகினா மாதிரி மஞ்சள் பொடி மின்னுகிறது. ட்ரெய்ன் பிளக் காந்தத்தில் கறுப்பு மாவு அரை விரல் உயரம். அதைத் தேய்த்துப் பார்த்தபோது நடுவில் அரிசி நொய் அளவு இரண்டு துண்டு இரும்பு.

பழைய ஸ்பேனர்
செவ்வாய், இரவு 9.02

மாவு தேய்மானம், அது பழைய பாக்ஸ் எல்லாவற்றிலும் இருக்கும். மஞ்சள் பொடி ரிங். துண்டு இரும்புதான் கெட்ட சேதி, எங்கேயோ உடைந்திருக்கிறது. திறந்துதான் ஆகணும்.

இந்த பாக்ஸுக்கு 1.3 லிட்டர் வேணும். பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்திருக்கிறது. மீதி எங்கே போச்சு? பாக்ஸுக்கும் ட்ரான்ஸ்ஃபருக்கும் (முன் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரிக்கிற பெட்டி) நடுவே உள்ள சின்ன ஜாயிண்ட் ஷாஃப்ட் பக்கம் படுத்துப் பாருங்கள், பின் சீல் கசிந்திருக்கும். அந்தக் கசிவு பாக்ஸைத் தாங்குகிற மவுண்ட் ரப்பர் மேலே விழுந்து ரப்பரையும் ஊறவைத்திருக்கும். அதுதான் உங்கள் வீட்டம்மா பார்த்த இரண்டு விரல். ஜிப்சியில் லீவர் நேராக பாக்ஸ் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பாக்ஸ் ஆடினால் லீவரும் ஆடும்.

பாகு மாதிரி வந்தது 140 கிரேடு, ரொம்பக் கெட்டியான ஆயிலாக இருக்கும். சத்தத்தை அமுக்க ஊற்றிவிட்டிருக்கிறார்கள். காலைக் குளிரில் கியர் கடிப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

கிருஷ்ணகிரி மாங்காய்
செவ்வாய், இரவு 9.30

ஆயில் சமாச்சாரம் வந்ததால் நானும் ஒன்று சொல்கிறேன். அப்பாவின் ஜிப்சியை இப்போது நான்தான் ஓட்டுகிறேன், தோப்புக்கும் மண்டிக்கும். 2016-இல் வாங்கியபோது பாக்ஸ் பூனை மாதிரி சத்தமே இல்லை. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். இரண்டு மாதத்தில் கத்த ஆரம்பித்தது. ஆயிலை இறக்கினால் உள்ளே மரத்தூள்! ஈர உளுந்து மாவு மாதிரி திரண்டு வருகிறது. பற்களுக்கு நடுவே மெத்தை மாதிரி நின்று சத்தத்தைக் குடித்திருக்கிறது. விற்றவருக்கு ஃபோன் போட்டால் எடுக்கவே இல்லை. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் ஆயிலை இறக்கிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

சரி, என் கேள்வி. கியர் ஆயிலில் ஜிஎல்-4 ரகம் ஊற்றணுமா, ஜிஎல்-5 ரகம் ஊற்றணுமா? கடையில் 5 தான் பெரியது, நல்லது என்கிறார்கள்.

அரூர் ஜீப்
செவ்வாய், இரவு 9.52

எதை ஊற்றினாலும் ஒன்றும் ஆகாதுங்க. சித்தேரி மலைக்கு டீசல் ஜீப் ஓட்டுறேன், பத்து வருஷமா ஜிஎல்-5 தான். அச்சில இருக்குற டிஃபரன்ஷியலுக்கு வாங்குறதையே பாக்ஸுக்கும் ஊத்திடுவேன். ஒரே டப்பா, வேலை சுலபம்.

பழைய ஸ்பேனர்
புதன், காலை 6.20

அரூர் தம்பி, உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் சந்தோஷம். ஆனால் காலையில் கியர் எப்படி விழுகிறது என்று உண்மையைச் சொல்லணும்.

ஜிஎல்-5 என்பது டிஃபரன்ஷியல் கிரௌன் பினியனுக்கானது. அங்கே பல் பல்லின் மேல் பயங்கர அழுத்தத்தில் சறுக்குகிறது, அதற்காக கந்தகம், பாஸ்பரஸ் சேர்ந்த மருந்து அதிகம் போடுகிறார்கள். பாக்ஸில் இரண்டு கெடுதல். சூட்டில் அந்த மருந்து பித்தளையை அரிக்கலாம். அதைவிடப் பெரியது, ரிங் பிடிப்பதே உரசலை நம்பித்தான். ரொம்ப வழுக்கினால் ரிங் கியரின் கோனை, அதாவது கூம்பை, பிடிக்காது, சுற்றிக்கொண்டே இருக்கும், ஸ்லீவ் வந்து பல்லில் முட்டும். 5 என்பது 4-க்கு அடுத்த வகுப்பு இல்லை, வேறு பள்ளிக்கூடம். பாக்ஸுக்கு ஜிஎல்-4, 75W-90. அது கிடைக்கவில்லை என்றால் 80W-90, அதுவும் ஜிஎல்-4 என்று எழுதியிருக்கணும். டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 தான், அங்கே 4 ஊற்றிவிடாதீர்கள் கிருஷ்ணகிரி அம்மா.

அரூர் ஜீப்
புதன், காலை 7.10

காலையில் ரெண்டாவது கொஞ்சம் மொரண்டு பிடிக்கும்தான் 🙂 சரி விடுங்க ஐயா.

புதுசா வந்தவன்
புதன், பகல் 1.15

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அஞ்செட்டி பக்கம் தொட்டஹள்ளா ஆற்றில் தண்ணீர் போகும்போது வண்டியை இறக்கிவிட்டேன், சீட் வரைக்கும் நனைந்தது. இப்போது பாக்ஸ் ஆயில் பால் டீ மாதிரி இருக்கிறது. அப்படியே ஓட்டலாமா?

தொப்பூர் இறக்கம்
புதன், பகல் 1.40

ஓட்டக்கூடாது. இன்றைக்கே இறக்கிப் புதுசு ஊற்று, ஐம்பது கிலோமீட்டர் ஓட்டு, அதையும் இறக்கிவிட்டு மறுபடி ஊற்று. ட்ரான்ஸ்ஃபர், இரண்டு டிஃபரன்ஷியல் எல்லாம் சேர்த்துப் பார். சூடான பாக்ஸ் பச்சைத் தண்ணீரில் இறங்கினால் சட்டென்று குளிர்ந்து மூச்சை உள்ளே இழுக்கும், பிரீதர் என்கிற காற்றுத் துளை வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீர் போகும். அடுத்த தடவை ஆற்றுக்கு முன்னால் கால் மணி நேரம் நிறுத்தி ஆறவிடு.

மேலகிரி ஜிப்சி
புதன், இரவு 8.15

வீட்டில் தம்பி சொல்கிறான், ‘சென்னை புதுப்பேட்டையிலோ பெங்களூரிலோ ஒரு பாக்ஸை அப்படியே வாங்கிவந்து மாட்டு, அரை நாள் வேலை’ என்று. ராணுவ ஏலத்தில் வந்த வண்டிகளின் பாக்ஸ் நன்றாக இருக்கும் என்கிறார்கள். என்ன சொல்கிறீர்கள்?

ஓசூர் லேத்து
புதன், இரவு 9.00

வணக்கம் அண்ணா, எனக்கு ஓசூரில் சின்ன லேத் பட்டறை. பாக்ஸ் வேலை நிறைய வரும், அதனால் சொல்கிறேன். பழைய பாக்ஸ் வாங்குவது இன்னொருத்தர் வியாதியைக் காசு கொடுத்து வாங்குவது மாதிரி. உங்கள் வியாதி என்னவென்று உங்களுக்குத் தெரியும், அதனுடையது தெரியாது. எப்படியும் அதையும் திறந்து பேரிங், சீல் மாற்றாமல் மாட்ட மனசு வராது. வேண்டுமானால் ஒன்று செய்யலாம். உங்கள் கேஸ் உடைந்திருந்தாலோ லே ஷாஃப்ட் பல் போயிருந்தாலோ, அப்போது உதிரிக்காக ஒரு பழைய பாக்ஸ் வாங்கலாம். ஜிப்சி 2019-இல் நின்றுபோனாலும் உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறது, அவசரப்பட வேண்டாம்.

திறந்து, படம் போடுங்கள். பிரஸ் வேலை என்னிடம் கொண்டு வாருங்கள்.

மேலகிரி ஜிப்சி
ஞாயிறு, இரவு 10.40

இரண்டு நாள் வேலை. கை முழுக்க ஆயில், சோப்புக்குப் போகவில்லை, கேழ்வரகு மாவு போட்டுத் தேய்த்ததும் போனது. அது தனிக் கதை.

சனிக்கிழமை காலை சொந்தக்காரப் பையன் ஒருவனைத் துணைக்கு வைத்துக்கொண்டு வீட்டுக் கொட்டகையில் ஆரம்பித்தேன். ஜிப்சியில் ஒரு வசதி, ட்ரான்ஸ்ஃபர் தனியாகத் தொங்குகிறது. நடுவிலுள்ள குட்டை ஷாஃப்ட்டைக் கழற்றினால் பாக்ஸை மட்டும் இறக்கலாம். கழற்றும் முன் ஃபிளேஞ்சில் பெயிண்டால் கோடு போட்டுக்கொண்டேன், அப்படியே மாட்டுவதற்கு. பேட்டரி, லீவர், கிளட்ச் கேபிள், ஸ்டார்ட்டர், ரிவர்ஸ் லைட் வயர், அப்புறம் இன்ஜினுக்குக் கீழே ஜாக்கி. குறுக்குச் சட்டத்தைக் கழற்றியபோதுதான் மவுண்டைப் பார்த்தேன். ரப்பர் இரண்டாகப் பிளந்து வாய் பிளந்த தவளை மாதிரி. ஐயா சொன்னது அப்படியே. சீல் கசிந்து வருஷக்கணக்கில் அதன் மேலேயே சொட்டியிருக்கிறது.

இன்புட் ஷாஃப்ட்டைக் கையில் பிடித்து ஆட்டினால் ஆடுகிறது. கேஸைப் பிரித்து, லே ஷாஃப்ட் முன் பேரிங்கைக் கழுவி வெளிச்சத்தில் பார்த்தால், உள் ரேஸ் (உள் வளையம்) முழுக்க அம்மி கொத்தினது மாதிரி குழி குழியாக இருக்கிறது. அந்த இரண்டு நொய் அங்கிருந்து வந்ததுதான்.

இப்போது ரிங். ஃபீலர் கேஜ் வைத்து, ரிங்கைக் கியர் கோனில் அழுத்தி இடைவெளி பார்த்தேன். இடைவெளி குறைந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். எட்டு மாதம் முன் மாற்றிய மூன்றாவது ரிங் 1.1 மில்லி, புதுசு மாதிரி. இரண்டாவது ரிங்? 0.35! கடித்துக்கொண்டிருந்தது இரண்டாவது, மாற்றியது மூன்றாவதுக்கு. பதினோராயிரம் ரூபாய்.

மூன்றாவது கியரின் டாக் பற்களைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். எனக்கு நன்றாகத்தான் தெரிகிறது, முனை கொஞ்சம் மழுங்கியிருக்கிறது. இது போதுமா கழல்வதற்கு?

ஓசூர் லேத்து
ஞாயிறு, இரவு 11.10

அண்ணா, படத்தில் முனையைப் பார்க்காதீர்கள், பல்லின் பக்கத்தைப் பாருங்கள். புதுப் பல்லின் பக்கம் நேராக இருக்காது, வேர்ப் பக்கம் ஒல்லியாக, நுனி கொஞ்சம் அகலமாக உள்வாங்கி இருக்கும். ஸ்லீவின் உள்பல்லும் அதற்குத் தோதாக இருக்கும். மாடு கட்டுகிற முளைக்குச்சியை மாடு இழுக்கிற பக்கத்துக்கு எதிராகச் சாய்த்துத்தானே அடிப்போம்? இழுக்க இழுக்க இறுகும். நேராகவோ மாட்டுப் பக்கமே சாய்த்தோ அடித்தால் இரண்டு இழுப்பில் பிடுங்கிக்கொண்டு போய்விடும். அதே கணக்கு. உங்கள் பல்லில் இறக்கத்தில் சுமை விழுகிற பக்கத்தில் அந்தச் சாய்வே இல்லை, தேய்ந்து வட்டமாகிவிட்டது. காலை எடுத்ததும் வண்டி இன்ஜினைத் தள்ளுகிறது, பல் ஸ்லீவை வெளியே தள்ளுகிறது. இறக்கத்தில்தான் கழல்கிறது என்று எழுதியிருந்தீர்களே, ஏற்றத்தில் சுமை விழுகிற பக்கம் இன்னும் சாய்வு மிச்சம் இருக்கிறது.

கூடவே பேரிங் ஆட்டம், மவுண்ட் ஆட்டம். மூன்றும் சேர்ந்துதான் இந்த வேலை செய்திருக்கிறது. ஃபோர்க்கின் கால் தடிமன் இரண்டு பக்கமும் ஒன்றா என்று பாருங்கள்.

பாலக்கோடு தக்காளி
திங்கள், காலை 8.05

லேத் அண்ணா, அந்தப் பல்லைச் சின்ன கிரைண்டரில் மறுபடி சாய்வாக அரைத்துவிட்டால் புது கியர் வாங்க வேண்டியதில்லையே?

ஓசூர் லேத்து
திங்கள், காலை 8.40

அரைத்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் செய்வதில்லை. கியருக்கு மேலே மட்டும்தான் கடினத் தோல், ஒரு மில்லிகூட இருக்காது. உள்ளே மிருதுவான இரும்பு. தோலை அரைத்து எடுத்துவிட்டால் கையில் பார்க்க அழகாக இருக்கும், ஆறு மாதத்தில் வெண்ணெய் மாதிரி தேய்ந்துவிடும். காசு வாங்கிக்கொண்டு அதைச் செய்ய முடியாது தம்பி.

மேலகிரி ஜிப்சி
புதன், இரவு 9.15

ஃபோர்க் அளந்தேன், ஒரு கால் மட்டும் நன்றாகத் தேய்ந்திருக்கிறது. கையை லீவர் மேலேயே வைத்து ஓட்டுவேன், ஒப்புக்கொள்கிறேன் அண்ணா.

நேற்று பெங்களூர் ஜே.சி. ரோடு போய்வந்தேன். மூன்றாவது கியர், மூன்றுக்கும் நான்குக்குமான ஹப்பும் (ஸ்லீவ் உட்கார்கிற நடுப்பாகம்) ஸ்லீவும் ஜோடியாக, ஃபோர்க், இரண்டாவது ரிங், நான்கு பேரிங், சீல்கள், மவுண்ட், ரிலீஸ் பேரிங். பதினேழாயிரத்துச் சொச்சம். கடைக்காரர் முதலில் ஸ்லீவை மட்டும் எடுத்துக் கொடுத்தார், ஹப்போடு சேர்த்துத்தான் வேணும் என்று நின்றேன். பேரிங் ஒன்றில் ஏமாற இருந்தேன். அளவு நம்பர் அதேதான், ஆனால் பழையதில் சுற்றுப் பள்ளத்தில் ரிங் இருந்தது, புதுசில் பள்ளமே இல்லை. திருப்பிப் பார்த்தபோதுதான் பழையதின் நம்பருக்குப் பின்னால் ‘என்ஆர்’ என்று இருப்பது தெரிந்தது. நம்பரை முழுசாக, கடைசி எழுத்து வரைக்கும் எழுதிக்கொண்டு போங்கள். பழைய பேரிங்கையே பையில் போட்டுக்கொண்டு போவது இன்னும் நல்லது.

ஐயா, ஒரு சந்தேகம். மூன்றாவது கியரை மட்டும் புதுசு போட்டால், அதோடு கடிக்கிற லே ஷாஃப்ட் பல் பழசுதானே?

பழைய ஸ்பேனர்
வியாழன், காலை 6.10

முறைப்படி ஜோடியாக மாற்றணும். லே ஷாஃப்ட் பல்லின் முகத்தில் விரல் நகத்தை ஓட்டுங்கள். குழியோ உரிந்த இடமோ தட்டாவிட்டால், தேய்மானம் பளபளப்பாக ஒரே சீராக இருந்தால், விட்டுவிடலாம். மூன்றாவதில் கொஞ்சம் முனகும், நாளாக நாளாகக் குறையும். தட்டினால் மாற்றித்தான் ஆகணும்.

மாட்டும்போது ஃபோர்க்கை நகர்த்துகிற ரெயில்களில் உள்ள பால்ரஸும் ஸ்பிரிங்கும் ஜாக்கிரதை. எது எந்தக் குழி என்று இப்போதே அட்டையில் குத்தி வையுங்கள். கேஸை மூடும் முன் ஒவ்வொரு கியராகக் கையால் போட்டு இன்புட்டைச் சுற்றுங்கள். ஒன்றாவதில் இன்புட் மூன்றரைச் சுற்றுக்கு மேலே சுற்றினால்தான் பின்னால் ஒரு சுற்று வரணும். நான்காவதில் ஒன்றுக்கு ஒன்று. ஒரு கியர் விழுந்திருக்கும்போது இன்னொரு ரெயிலைத் தள்ளிப் பாருங்கள், நகரக்கூடாது. நகர்ந்தால் இன்டர்லாக் பின்னை மறந்துவிட்டீர்கள், ரோட்டில் இரண்டு கியர் ஒன்றாக விழுந்து பாக்ஸ் பூட்டிக்கொள்ளும்.

மேலகிரி ஜிப்சி
ஞாயிறு, இரவு 9.50

நகத்துக்கு ஒன்றும் தட்டவில்லை, லே ஷாஃப்ட் பழசே.

வெள்ளிக்கிழமை ஓசூர் போனேன். லேத்துத் தம்பி பேரிங் எல்லாம் பிரஸ்ஸில் ஏற்றிக் கொடுத்தார். உள் ரேஸில்தான் அழுத்தணும், வெளி ரேஸில் அழுத்தினால் புது பேரிங்கே மாட்டும் முன்னால் செத்துவிடும் என்று கையைப் பிடித்துக் காட்டினார். காசு வாங்க மாட்டேன் என்றார், வீட்டு அவரை ஒரு பை கொடுத்தேன்.

நேற்று மாட்டும்போது ஐயா எச்சரித்தது நடந்தது. ஸ்பிரிங் கை நழுவி, பால்ரஸ் பறந்து கோழிக் கூண்டுக்கு அடியில் போய்விட்டது. பையன் கோழிதான் விழுங்கியிருக்கும் என்று ஒரே பிடியாக நின்றான். நான் ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி அரை மணி நேரம் சாணிக்கும் உமிக்கும் நடுவே இழுத்தேன். இரண்டு ஆணி, ஒரு பிளேடு, கடைசியில் பால்ரஸ்.

கை கணக்கு பார்த்தேன், ஒன்றாவதில் மூன்றரைக்கு மேல், நான்காவதில் ஒன்றுக்கு ஒன்று, இரண்டு ரெயில் சேர்ந்து நகரவில்லை. ஜிஎல்-4 75W-90, நிரப்புகிற ஓட்டையில் வழிகிற வரைக்கும் ஊற்றினேன். 1.3 லிட்டருக்குச் சரியாக வந்தது.

இன்று மதியம் மேலே போனேன். எட்டு மூட்டை கேழ்வரகு ஏற்றிக்கொண்டு அதே இறக்கம், அதே மூங்கில் வளைவு. மூன்றாவதில் காலை எடுத்தேன். லீவரையே பார்த்துக்கொண்டிருந்ததில் வளைவைக் கொஞ்சம் அகலமாகத் திருப்பிவிட்டேன். அசையவில்லை. இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டே இறங்கியது, பிரேக்கை இரண்டு தடவைதான் தொட்டேன். லேசாக முனகல் இருக்கிறது, ஐயா சொன்ன அளவுதான். காலையில் இரண்டாவது வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி விழுந்தது.

கிருஷ்ணகிரி மாங்காய்
ஞாயிறு, இரவு 10.05

வாழ்த்துகள் அண்ணா! அண்ணிக்கும் சொல்லுங்கள், இரண்டு விரலைக் கண்டுபிடித்தது அவங்கதான்.

தொப்பூர் இறக்கம்
ஞாயிறு, இரவு 10.20

நல்லது தம்பி. கை லீவர் மேலே இருந்ததா இல்லையா, அதைச் சொல்லு.

மேலகிரி ஜிப்சி
ஞாயிறு, இரவு 10.31

இல்லை அண்ணா, ஸ்டியரிங்கில்தான். ஆனால் வீட்டுக்கு வந்து கொட்டகையில் பின்னால் எடுக்கும்போதுதான் கவனித்தேன், ரிவர்ஸ் லைட் எரியவில்லை. பாக்ஸில் அந்த சுவிட்ச் வயரை மாட்ட மறந்துவிட்டேன். நாளைக்கு மறுபடி கீழே படுக்கணும்.